80-க்கு அடுத்து எது?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமியா சி330 கேமராவை 80 மி.மீ. லென்ஸோடு வாங்கியிருக்கிறீர்கள். 55, 65, 135, 180 என்று ஒரு பட்டியலும் போட்டு, எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுப் பெரியவர்களின் முகங்களைத்தான் அதிகம் எடுக்க ஆசை என்று கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

முதலில் உங்கள் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே பார்க்க ஒன்று, கீழே படமெடுக்க ஒன்று என்று இரட்டை லென்ஸ் வைத்த கேமராக்கள் பெரும்பாலானவற்றில் லென்ஸைக் கழற்ற முடியாது. ரோலைஃப்ளெக்ஸ்காரர்கள் அதற்காகத் தனிக் கேமராவே செய்து விற்றார்கள்: 1959இல் 135 மி.மீ. பொருத்திய டெலி ரோலைஃப்ளெக்ஸ், 1961இல் 55 மி.மீ. பொருத்திய வைடு ரோலைஃப்ளெக்ஸ். மாமியாவில் இரண்டு லென்ஸும் ஒரே பலகையில் ஜோடியாக வரும், ஜோடியாகவே கழலும். ரோல் பாதியில் இருக்கும்போதுகூட மாற்றலாம். பக்கத்துக் குமிழைத் திருப்பினால் உள்ளே ஒரு தகடு எழும்பி ஃபிலிமை மறைத்துக்கொள்ளும்.

இனி உங்கள் பட்டியல். 65ஐ அடித்துவிடுங்கள். நல்ல லென்ஸ்தான், ஆனால் 80 கையில் இருப்பவருக்கு அது தேவையில்லை. ஒன்றரை மீட்டரில் நின்று 65 காட்டுகிற அகலம், ஓர் அடி பின்னால் நகர்ந்தால் 80லேயே வந்துவிடும். சுவர் முதுகில் இடிக்கிறது, நகர இடமில்லை என்றால் 65ம் உங்களைப் பெரிதாகக் காப்பாற்றாது. அப்போது வேண்டியது 55. பட்டியலில் 105 இல்லாததும் நல்லதே. 105ஐ அன்றாட லென்ஸாக வைத்திருப்பவர்களுக்கு 65ம் 180ம் சரியான துணை. 80காரர்களுக்கு 55ம் 135ம்.

மி.மீ. கணக்கை விட்டுவிட்டுச் சட்டத்துக்குள் என்ன அடங்குகிறது என்று பாருங்கள். நெகட்டிவ் 56 மி.மீ. சதுரம். ஒன்றரை மீட்டர் தள்ளி நாற்காலியில் உங்கள் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். 80 வைத்தால் சுமார் ஒரு மீட்டர் சதுரம் தெரியும். பாட்டி, நாற்காலியின் கை, பின்னால் காலண்டர் எல்லாம் வரும். 135 வைத்தால் 57 செ.மீ.; தலையும் தோளும். 180 வைத்தால் 41 செ.மீ.; முகம் சட்டத்தை நிறைத்துவிடும். 55 என்றால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், அதாவது அறையே வந்துவிடும். 80ஐ வைத்துக்கொண்டு 135 தருகிற நெருக்கத்தைப் பிடிக்கப் பார்த்தால் ஒரு மீட்டருக்கும் உள்ளே போக வேண்டும். மூக்கு பெரிதாகி, காது பின்வாங்கும். அதற்கு லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, நீங்கள் நிற்கும் தூரம் செய்கிற வேலை அது.

முகம்தானே வேண்டும், 180ஐயே வாங்கிவிடலாமே என்பீர்கள். இந்தக் கேமராவில் அதற்கு ஒரு சிக்கல் உண்டு. பார்க்கும் லென்ஸுக்கும் எடுக்கும் லென்ஸுக்கும் இடையே 50 மி.மீ. உயர வித்தியாசம். 80இல் ஒரு மீட்டர் சட்டத்தில் ஐந்து செ.மீ. என்பது இருபதில் ஒரு பங்கு, பெரிய விஷயமில்லை. 180இல் 41 செ.மீ. சட்டத்தில் அதே ஐந்து செ.மீ. எட்டில் ஒரு பங்கு. மேலே பார்க்கும் கண்ணாடியில் கொண்டை முழுசாகத் தெரியும். நெகட்டிவில் நெற்றியோடு நின்றுவிடும். சி330இன் கண்ணாடிக்குள் இதற்காகவே ஒரு முள் நகர்கிறது. லென்ஸை மாற்றியதும் பக்கவாட்டு அளவுகோலை அந்த லென்ஸுக்கு வைத்துவிட்டு, முள்ளுக்குக் கீழே உள்ளதுதான் படம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாடில் வைத்தால், கேமராவை அந்த 50 மி.மீ. மட்டும் உயர்த்தித் தரும் பாராமெண்டர் என்ற கருவியும் உண்டு. 135இல் இந்தத் தொல்லை பழகிக்கொள்ளும் அளவுக்குத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 80இன் பார்க்கும் லென்ஸின் அபெர்ச்சர் 2.8; 135, 180 இரண்டுக்கும் 4.5. கண்ணாடியில் விழும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ட்யூப்லைட் கூடத்தில் ஃபோகஸ் பிடிக்கத் திணறுவீர்கள். பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைப்பதே வழி. கேமராவுக்குள் துள்ளும் கண்ணாடி இல்லாததால் ஷட்டர் வேகம் முப்பதில் ஒரு நொடிக்கு இறங்கினாலும் பயப்பட வேண்டாம். பாட்டி அசையாமல் இருந்தால் போதும்.

ஆக, 135. கருப்பு நிறத்தில் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளி நிறப் பழசுகளின் ஷட்டருக்கு உதிரி பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். உங்கள் 80ம் கருப்பாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே 46 மி.மீ. ஃபில்டர் போதும்.

கடையில் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள். இதில் ஷட்டர் லென்ஸுக்குள்தான் இருக்கிறது. ஒரு நொடி, அரை நொடி என்று மாற்றி மாற்றி அடித்துக் காதுகொடுத்துக் கேளுங்கள். கிரீஸ் காய்ந்திருந்தால் இழுக்கும், நடுவில் நிற்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பூஞ்சை தேடுங்கள். மேல் லென்ஸில் கொஞ்சம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், கீழ் லென்ஸில் இருந்தால் விட்டுவிடலாம். ஜோடி மாறிப்போன லென்ஸ்களும் சந்தையில் உண்டு. பின்கதவைத் திறந்து ஃபிலிம் ஓடும் தடத்தில் ட்ரேஸிங் பேப்பரை இறுக்கி ஒட்டுங்கள். அபெர்ச்சரை 4.5இல் வைத்து, ஷட்டரை பி-யில் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, வெயிலில் ஒரு செய்தித்தாளைத் தொங்கவிட்டு மேலே ஃபோகஸ் செய்யுங்கள். தலைப்பெழுத்து மேலே கூர்மையாகவும் ட்ரேஸிங் பேப்பரில் மங்கலாகவும் இருந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

55ஐப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். பெரும்பாலும் 135ஐவிட விலையும் கூடுதல். 80இல் எடுத்த ரோல்களின் காண்டாக்ட் ஷீட்டை மேசையில் பரப்பிப் பாருங்கள். இடம் போதாமல் ஓரத்தில் ஆட்கள் வெட்டுப்பட்ட படங்கள் பல இருந்தால் 55 பேச்சை எடுக்கலாம். அந்த ஷீட்டுகளை அடுத்த கடிதத்தோடு எனக்கும் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்