பக்கவாதத்துக்குப் பின் தோள்வலியா? கையை இழுக்காதீங்க, தாங்குங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்த்த அப்பா, பக்கவாதம் வந்து வீட்டில் இருக்கிறார் என்று வையுங்கள். "எழுந்திருங்கப்பா" என்று செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்குகிறோம். பாசம்தான். ஆனால் பல வீடுகளில் தோள்வலி இப்படித்தான் தொடங்குகிறது.

ஏன் வலிக்கிறது?
தோள் மூட்டு ஆழமில்லாத கிண்ணம் போன்றது. கை எலும்பை அதில் பிடித்து வைப்பதில் சுற்றியுள்ள தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை தளர்ந்தால் கையின் எடையே எலும்பைக் கீழே இறக்கும். நாமும் இழுத்தால் இன்னும் விலகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை
• கையையோ அக்குளையோ பிடித்துத் தூக்காதீங்க. முதுகையும் இடுப்பையும் தாங்கி எழுப்புங்க.
• உட்காரும்போது கை தொங்கக் கூடாது. மடியில் தலையணை வைத்து, அதன்மேல் வையுங்க.
• சட்டை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.
• இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். கப்பிக் கயிற்றுப் பயிற்சியும் வேண்டாம்.
• சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவி இழுத்துவிடாதீங்க.

கை வீங்கினாலோ, வலியில் தூக்கம் கெட்டாலோ டாக்டரிடம் காட்டுங்க.

யாரை அணுகுவது?
2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து இலவசமாகத் தரப்படுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். விவரத்துக்கு 104-ஐ அழைக்கலாம். வலி முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். தோள் இறுகிவிட்டால் மீட்பது கடினம்.