முடிகிற ஆட்டத்தை ஆடு

அன்புள்ள கதிருக்கு,

சித்தி எழுதுகிறேன். புதிதாக எந்த ரோல் பிளேயிங் கேம், அதாவது ஆர்.பி.ஜி., ஆடலாம் என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடித்திருக்கலாம். உன் அம்மா போனில் சொன்ன தொகையைக் கேட்டபிறகு இரண்டு வரி போதாது என்று பட்டது. பயப்படாதே, அந்தத் தொகையைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சம்பாதிக்கிற பிள்ளை, உன் காசு, உன் இஷ்டம். நீ கேட்டது கேம் பற்றி, நானும் அதைப் பற்றியே எழுதுகிறேன். வேலையெல்லாம் ஓய்ந்தபின் ராத்திரி கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆடுகிறவளின் அபிப்பிராயம் இது. எனக்குக் கைவேகம் கிடையாது, எல்லாப் பதக்கத்தையும் வாரிக்கொள்ளும் வெறியும் கிடையாது. நீயும் இப்போது ஷிஃப்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஆடுகிறவன் என்பதால் என் அளவுகோல் உனக்கும் சரிப்படும் என்று நினைக்கிறேன்.

அளவுகோல் ஒன்றுதான்: இந்த ஆட்டம் முடியுமா, முடியாதா? படம் எவ்வளவு அழகு, உலகம் எவ்வளவு பெரிது, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதெல்லாம் விற்கிறவனுடைய கணக்கு. ஆடுகிறவன் பார்க்கவேண்டியது, இதைச் செய்தவர்கள் என்னை ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் எண்ணத்தோடு செய்தார்களா என்பதைத்தான். முடிவை மனதில் வைத்துச் செய்த ஆட்டத்தில் ஒவ்வொரு சண்டையும் ஒவ்வொரு பேச்சும் அந்த முடிவுக்காக இருக்கும். முடியவே கூடாது என்று செய்த ஆட்டத்தில் எல்லாமே நீ நாளைக்கும் வரவேண்டும் என்பதற்காக இருக்கும். மேலே பார்த்தால் இரண்டிலும் அதே வாள், அதே மந்திரம், அதே லெவல். உள்ளே ஓடுகிற இயந்திரம் வேறு.

வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்த சாதாரண ஆட்களுக்கு ஆர்.பி.ஜி. வகையைக் கொண்டுவந்து சேர்த்தது 1986 மே மாதம் ஜப்பானில் எனிக்ஸ் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்'. அதை வடிவமைத்த யூஜி ஹோரி, விரல் வேகம் இல்லாதவனும் கதையின் கடைசிவரை போய்ச்சேர வேண்டும் என்று நினைத்தார். ஆர்கேடுகளில் செத்தால் இன்னொரு காசு போடவேண்டும். இவருடைய ஆட்டத்தில் நாயகன் செத்தால் ராஜாவின் முன்னால் எழுந்திருப்பான்; கையிலிருந்த தங்கத்தில் பாதி போயிருக்கும், சேர்த்த அனுபவப் புள்ளி ஒன்றுகூடக் குறைந்திருக்காது. பொறுமை இருந்தால் யாரும் முடித்துவிடலாம் என்பதற்கு அது உத்தரவாதம். ஸ்லைம் என்கிற ஒரே குட்டி எதிரியை நூறு தடவை அடிப்பது சலிப்புதானே என்பாய். சலிப்புதான். ஆனாலும் நூறாவது ஸ்லைம் உன்னை முடிவுக்கு ஒரு படி கிட்டத்தில் கொண்டுபோகிறது. 1995-இல் வந்த 'குரோனோ டிரிகர்' ஒரு முடிவுக்குப் பதில் பத்துக்கு மேற்பட்ட முடிவுகளை வைத்தது. முடித்துவிட்டு, சேர்த்த பலத்தோடு மறுபடி தொடங்கலாம். அங்கேயும் மறுபடி வருவது ஆடுகிறவனின் ஆசையைப் பொறுத்தது, கட்டாயம் இல்லை.

அண்மைக் காலத்து ஆட்டங்களிலும் இந்த மரபு செத்துப்போகவில்லை. 2015-இல் டோபி ஃபாக்ஸ் செய்த 'அண்டர்டேல்' ஏழெட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு உயிரைக்கூடக் கொல்லாமல் கடைசிவரை போகலாம். 2019-இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' வாள்சண்டையே இல்லாத ஆர்.பி.ஜி.; நாயகனின் 24 திறமைகளும் அவன் தலைக்குள்ளிருந்து அவனோடு வாக்குவாதம் செய்யும். நிறையப் படிக்கவேண்டும், களைத்துப்போன இரவுகளுக்கு அது ஆகாது. 2022-இன் 'எல்டன் ரிங்' என் போன்றவர்களுக்கு இல்லை. கடினத்தைக் குறைத்துவைக்கும் தேர்வு அதன் அமைப்புகளில் இல்லை. 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' மூன்று அங்கம், லெவல் 12-க்கு மேல் ஏறவே முடியாது. கூரை இருக்கிற வீடு என்று தெரிந்தால் எந்தத் திறமையை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வுக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் பிரான்சின் மோன்பெலியே நகரத்துச் சிறு குழு ஒன்று வெளியிட்ட 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' எனக்கு இவற்றிலெல்லாம் மேலாகப் பட்டது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு எண் எழுதப்படும். அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் காற்றோடு காற்றாகிப் போவார்கள். எண் ஒவ்வொன்றாகக் குறைந்து 33-க்கு வந்துவிட்டது. முடிவைப் பற்றிய கதை, முடிவை நோக்கியே நடக்கிறது. மாறி மாறி அடிக்கிற பழைய பாணிச் சண்டைதான், எதிரி அடிக்கும்போது மட்டும் சரியான கணத்தில் பட்டனை அழுத்தித் தடுக்கவேண்டும். எனக்கு அது கஷ்டம். கதைக்காக மட்டும் ஆடுகிறவர்களுக்கு அதைத் தளர்த்திவைக்கும் வசதி இருக்கிறது. முப்பது மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகக் கதை முடிந்துவிடும். அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸில் சிறந்த ஆட்டம் அதுதான்.

இனி உன் போனில் இருப்பதற்கு வருவோம். 'ஜென்ஷின் இம்பாக்ட்' 2020 செப்டம்பரில் வந்தது, ஷாங்காயின் மிஹோயோ செய்தது. அதன் அழகை நான் குறை சொல்லமாட்டேன். லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு அதற்கு வாசித்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற மலையில் எல்லாம் ஏறலாம். கணக்கை மட்டும் பார். கேரக்டர்களுக்கான குலுக்கலில் ஒரு தடவை இழுப்பதற்குப் பெயர் விஷ்; ஒரு விஷ்ஷுக்கு விளையாட்டு நாணயமான பிரைமோஜெம் 160. ஐந்து நட்சத்திரக் கேரக்டர் விழுவதற்கான அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. 90 விஷ்ஷுக்குள் ஒன்று நிச்சயம். வருவது நீ கேட்ட ஆள்தானா என்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. தவறினால் அடுத்த 90-க்குள் கண்டிப்பாக வரும். ஆகாத நேரத்தில் 180 விஷ், 28,800 பிரைமோஜெம். அந்த ஆள் பேனரில், அதாவது அந்தக் குலுக்கலுக்கான பட்டியலில், நிற்பதோ மூன்று வாரம்போல. இதற்கிடையில் ரூபாய் முதலில் கிரிஸ்டலாகிறது, கிரிஸ்டல் பிரைமோஜெமாகிறது, பிரைமோஜெம் விஷ் போடும் ஃபேட்டாகிறது; போனது எத்தனை ரூபாய் என்பது மூன்றாவது மாற்றத்துக்குள் மறந்துபோகும். அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. இதே குழப்பத்தையும் வாய்ப்புக் கணக்கையும் சேர்த்துக் காட்டி அதன் வெளியீட்டு நிறுவனத்தின்மேல் புகார் சொன்னது. 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்டுவதாகவும், 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி இந்தக் குலுக்கலை விற்பதில்லை என்றும் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

இங்கே எனக்கு யார் ஞாபகம் வருகிறது என்று உனக்குத் தெரியும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் பேசப் போவதில்லை. பொதுவாகச் சொல்கிறேன். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும்வரை சீட்டு வாங்கிய லட்சக்கணக்கானவர்களில் தன்னை ஏமாளி என்று நினைத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. 'இத்தனை நாள் வாங்கியாச்சு, இனிமேல் விழாமல் எங்கே போகும்' என்பது அந்தக் கணக்கு. அது சுத்தத் தப்பு. நேற்று வாங்கிய சீட்டு இன்றைய குலுக்கலுக்கு எந்த உதவியும் செய்யாது. இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொண்டு வெளியே வர ஒரு வழி இருந்தது. காச்சா என்கிற உன் போன் ஆட்டத்தின் குலுக்கல் முறை அந்த வழியையும் அடைத்துவிட்டது. 90-க்குள் நிச்சயம், எண்ணிக்கை அடுத்த பேனருக்கும் தொடரும் என்று வைத்ததன் மூலம், சூதாடியின் தப்புக் கணக்கை நிறுவனமே சரியான கணக்காக மாற்றிக் கொடுத்துவிட்டது. 70 விஷ் போட்டவன் ஒரேயடியாக நிறுத்தினால் அந்த 70-ம் வீண் என்பது இப்போது உண்மை. ஆகவே புத்திசாலிப் பிள்ளைகள்தான் இதில் நன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். உன்னைச் சொல்லவில்லை. லாட்டரியிலாவது எங்கோ ஒருவருக்குப் பணமாகக் கிடைத்தது. இங்கே விழுந்தாலும் கிடைப்பது சர்வர் ஓடுகிறவரைக்கும்தான்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காசே போடாமல் ஆடலாமே என்பாய். ஆடலாம், நிறையப் பேர் ஆடுகிறார்கள். அப்போது விலை நாளாகக் கழிகிறது. ஆட்டத்தில் பரிசுகளை எடுக்கச் செலவழிக்கிற ரெசின் எட்டு நிமிஷத்துக்கு ஒன்றாக ஊறி 200-இல் நின்றுவிடும். ஏறத்தாழ 27 மணி நேரத்துக்குள் நீ வந்து செலவழிக்காவிட்டால் அதற்குமேல் ஊறவேண்டியது வீண். மாதச் சந்தாவோ இன்னும் வேடிக்கை: காசைக் கொடுத்தபிறகும் தினம் வந்து கும்பிடு போட்டால்தான் அன்றைய 90 பிரைமோஜெம் தருவார்கள், வராத நாளுக்கு உரியது போனதுதான். வாங்கிய பொருளுக்கு வருகைப் பதிவேடு வைக்கிற கடையை வேறெங்கே பார்த்திருக்கிறாய்? 'பால்டர்ஸ் கேட் 3' மட்டும் நூறு மணி நேரம் தின்னாதா என்று அடுத்துக் கேட்பாய். தின்னும். சேவ் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பினாலும் விட்ட இடத்திலேயே நிற்கும்; நீ வராததற்கு அபராதம் விதிக்காது. அதிலும் பகடை உருள்கிறதே, அதுவும் அதிர்ஷ்டம்தானே என்பது உன்னுடைய நல்ல கேள்வியாக இருக்கும். உருள்கிறது, இருபது பக்கப் பகடை, கண்முன்னால். விழுந்த எண் கதையின் போக்கை மாற்றுகிறது, தோற்றாலும் கதை வேறு வழியில் நடக்கிறது. மறுபடி உருட்டும் வாய்ப்பை விளையாட்டுக்குள் சம்பாதிக்கலாம், கார்டு கொடுத்து வாங்க முடியாது. அதிர்ஷ்டத்தை நான் வெறுக்கவில்லை. அதைத் தவணையில் விற்பதைத்தான் வெறுக்கிறேன்.

சட்டம் தடுக்கவில்லையே என்றும் சொல்லலாம். 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் தடை செய்தது காசு கட்டிக் காசு ஜெயிக்கிற ஆட்டங்களை. இதில் ஜெயிப்பது காசில்லை. ஆனால் மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. காச்சா வளர்ந்த ஜப்பானிலேயே, குலுக்கலில் கிடைப்பவற்றை முழு செட்டாகச் சேர்த்தால் அரிய பரிசு என்ற வகையை 2012-இல் நுகர்வோர் முகமை சட்டவிரோதம் என்றது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் காசுக்கு விற்கும் லூட் பாக்ஸ் என்ற குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. முழு ஆட்டத்தையும் ஒரே விலைக்கு வைத்து 'பால்டர்ஸ் கேட் 3'-ஐ விற்றவர்கள் அதே நாட்டுக்காரர்கள் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அது தற்செயலாகப் படவில்லை, அவ்வளவுதான்.

ஆக, முடிவு உன்னுடையது. ஒரு பக்கம், சுமார் 3,000 ரூபாயை ஒரு தடவை கொடுத்துவிட்டு, உன் சௌகரியத்துக்கு ஆடி, கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூடிவைக்கிற ஆட்டம். இன்னொரு பக்கம், இலவசம் என்று சொல்லி உள்ளே விட்டு, தினம் ஆஜர் கேட்டு, மாத இறுதியில் உன் அம்மாவைத் தூங்கவிடாத ஆட்டம். இரண்டையும் நடுநிலையாகத்தான் சொல்லியிருக்கிறேன். எதை எடுத்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

நீளமாகப் போய்விட்டது. படித்துவிட்டு சித்தி திட்டிவிட்டாள் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் உன் அளவுக்குப் பொறுப்பான பிள்ளை கிடையாது. இதை உன் அம்மாவிடமும் சொன்னேன், அவளும் ஒத்துக்கொண்டாள். உனக்கு இருக்கிற ரசனையும் பொறுமையும் எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. எக்ஸ்பெடிஷனில் அந்தத் தடுக்கிற பட்டனை நீயானால் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவாய். நன்றாகச் சாப்பிடு, ராத்திரி இரண்டு மணிக்கு மெஸேஜ் போடாதே. பொங்கலுக்கு வரும்போது நாலு நாள் சேர்த்து லீவு போடு. உனக்குப் பிடித்த அடையும் அவியலும் தினமும் பண்ணித் தருகிறேன், ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஆடலாம். எந்த ஆட்டம் வேண்டுமோ சொல், சித்தியே வாங்கித் தருகிறேன், விலை எவ்வளவானாலும் பரவாயில்லை. முடிகிற ஆட்டமாக மட்டும் பார்த்துச் சொல்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் சித்தி