தட்டில் கிருமியைத் தடுத்த இலை, கால் புண்ணை ஆற்றுமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் தவணை வசூல் முடிந்து நோட்டை மூடும்போதுதான் கவனித்தேன், ஒரு அக்கா காலில் துணி சுற்றியிருந்தார். முள் குத்தின புண். பத்து நாளாகக் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுகிறாராம். அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "காலேஜ்ல என் பேத்தியே இந்த இலைச்சாறு கிருமியைத் தடுக்குதுன்னு சோதனை பண்ணிப் பார்த்திருக்கா. நீங்க என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க?" என்றார்.

பேத்தி சொன்னது பொய்யில்லை. காய்ந்த இலையைப் பொடித்து ஆல்கஹாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து, வடிகட்டிச் சாறு எடுப்பார்கள். வட்டமான சின்னத் தட்டில் அகர் என்ற கடல்பாசிக் கூழை உறையவிட்டு, அதன்மேல் ஒரு கிருமியைப் பரப்புவார்கள். சாற்றில் நனைத்த பொட்டு அளவு காகிதத்தை நடுவில் வைத்து, 37 டிகிரி சூட்டில் ஒரு இரவு விடுவார்கள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். காகிதத்தைச் சுற்றி மட்டும் ஒன்றும் வளராமல் தெளிவான வட்டம் தெரிந்தால், சாறு வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வேம்பு, துளசி, கொய்யா, குப்பைமேனி எல்லாவற்றுக்கும் இப்படி வட்டம் வந்திருக்கிறது. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி ஓரளவு அடங்கும். வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலைக்கு வெளியே இன்னொரு உறை இருப்பதால் அது அவ்வளவு சுலபத்தில் மசியாது.

ஆனால் அந்தத் தட்டும், கூழும், காகிதமும் கிருமி நீக்கிச் சுத்தம் செய்தவை. நாம் வேலியோரம் பறிக்கிறோம், அம்மியில் அரைக்கிறோம். மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமியின் வித்து இருக்கும். கொஞ்ச நேரம் கொதிக்க வைத்தாலும் அது சாகாது. காற்றுப் படாத ஆழமான புண்தான் அதற்குத் தோது. முள் குத்தின புண் அப்படிப்பட்டதுதான். அதற்கு மேலே பற்றுப் போட்டு மூடியும் விடுகிறோம்!

சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துபோவது உண்டு. 'வலியே இல்லை, ஆறிக்கிட்டு வருது' என்று அந்த அக்கா சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

புண் பட்டவுடன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய், ரணஜன்னி ஊசி தேவையா என்று கேளுங்கள். பச்சைக் குழந்தையின் தொப்புளில் இலை, சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள்.

மறுநாள் காலை அந்த அக்காவோடு நானும் போனேன். நர்ஸ் பற்றைக் கழுவி எடுத்த பிறகுதான் தெரிந்தது, முள்ளின் நுனி இன்னும் உள்ளேயே இருந்தது.