ரசீதின் பின்பக்கத்தை நம்பாதீர்கள்

கேள்வி: கோவையில் ஒரு ஹோட்டலின் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாக கார்பெட், சோபா, ஜமக்காளம் சுத்தம் செய்து தரும் தொழில் தொடங்கப் போகிறேன். ஷாம்பு போடும் மெஷினும் தண்ணீரை உறிஞ்சும் வாக்குவமும் வாங்கிவிட்டேன். சோபாவை வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் சுத்தம் செய்வேன். பெரிய கார்பெட்டை எடுத்து வந்து என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் துவைத்துக் காயவைத்துத் தருவேன். என்னென்ன லைசென்ஸ் வேண்டும்? ஜி.எஸ்.டி. கட்டாயமா? ரசீதில் ‘சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். சரிதானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: லைசென்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகிறது. 40 லட்சம் என்று யாராவது சொன்னால், அது சரக்கு மட்டும் விற்பவர்களுக்கான வரம்பு; உங்களுக்குப் பொருந்தாது. பதிவு எடுக்காதவரை பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. உத்யம் பதிவை ஆதாரை வைத்து நீங்களே இலவசமாகச் செய்யலாம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். முதல் ஹோட்டல் ஆர்டரைப் பிடிப்பதற்கு முன்பே அந்தப் பதிவு கையில் இருக்கட்டும். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி உங்கள் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஷெட்டுக்கு உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம் கேட்டு விண்ணப்பியுங்கள். இவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘எடுத்து வந்து’ என்ற இடத்தில்தான் உங்கள் சட்டச் சிக்கல் முழுவதும் இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்திலேயே சோபாவைச் சுத்தம் செய்யும்போது நீங்கள் தருவது ஒரு சேவை மட்டும். பொருள் அவர் வீட்டில், அவர் கண்ணெதிரே இருக்கிறது. கார்பெட்டைச் சுருட்டி உங்கள் வண்டியில் ஏற்றிய நிமிடத்தில் வேறொரு உறவு தொடங்குகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 148-ஆம் பிரிவில் சொல்லும் ஒப்படைப்பு, அதாவது வழக்கறிஞர்கள் பெயில்மென்ட் என்று அழைப்பது, அதுதான். 151-ஆம் பிரிவுப்படி, புத்தியுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருள் தொலைந்தாலோ கெட்டாலோ உங்கள் மீது தவறு இருக்கிறது என்று வாடிக்கையாளர் நிரூபிக்கத் தேவையில்லை. நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஷெட்டில் நடந்தது உங்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால் சுமையும் உங்கள் தலையில். போதாததற்கு 161-ஆம் பிரிவு ஒன்று உண்டு: உங்கள் தவறால் உரிய நாளில் திருப்பித் தராவிட்டால், அந்த நாளுக்குப் பிறகு பொருளுக்கு என்ன நேர்ந்தாலும் நீங்களே பொறுப்பு. ஐப்பசி மழையில் தடித்த கம்பளிக் கார்பெட் மூன்று நாளில் காயாது என்பது தொழில் தெரிந்த உங்களுக்குத் தெரியும். வியாபாரம் பிடிக்கும் அவசரத்தில் ‘மூன்று நாளில் டெலிவரி’ என்று பில்லில் எழுதிவிடாதீர்கள்.

இந்தச் சுமையை ஒரே வரியில் இறக்கி வைக்கலாம் என்கிறார் உங்கள் நண்பர். நீதிமன்றங்கள் அப்படிப் பார்க்கவில்லை. லில்லி வொயிட் என்ற சலவை நிறுவனத்தின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றது. சலவைக்குப் போட்ட புதுப் புடவை தொலைந்துபோனது. தொலைந்தால் விலையில் ஒரு பகுதிதான் தருவோம் என்று ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள். பொதுநலனுக்கு விரோதமான அந்த நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம். கடைக்காரர் அலட்சியமாக இருந்து தொலைத்துவிட்டு, சொற்பத் தொகையைக் கட்டிவிட்டுத் தப்பிக்க வழிவிட்டால், பொருளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள அவருக்கு என்ன காரணம் இருக்கும்? அது அச்சடித்த ரசீது, நான் கையெழுத்தே வாங்கிவிடுகிறேனே என்று நீங்கள் கேட்கலாம். கையெழுத்தும் முழுக் கவசம் இல்லை. இங்கிலாந்தில் லெவிசன் என்பவருக்கும் ஒரு கார்பெட் சுத்திகரிப்பு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 900 பவுண்டு பெறுமானமுள்ள சீனக் கார்பெட் திரும்பி வரவே இல்லை. அதிகபட்ச மதிப்பு 40 பவுண்டு என்று சொல்லும் படிவத்தில் வாடிக்கையாளர் தரப்பின் கையெழுத்து இருந்தது. கார்பெட் எப்படிப் போனது என்று நிறுவனத்தால் விளக்க முடியாததால், அந்த 40 பவுண்டு வரம்புக்குள் ஒளிந்துகொள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் விடவில்லை. ஆங்கிலத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் ஒப்பந்தச் சட்டம் பிறந்த வீடு அது. வாதத்தில் அதற்கு எடை உண்டு.

பழைய தீர்ப்புகள்தானே என்றால், புதுச் சட்டம் இன்னும் கடுமை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ஒரு தனி வகையையே கொண்டுவந்திருக்கிறது. ஒருதலைப்பட்சமான நிபந்தனையை ரத்து செய்யக் கோரி மாநில ஆணையத்துக்குப் போகலாம். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட ஆணையமே போதும். வாடிக்கையாளர் தான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஊட்டி வீட்டுக் கார்பெட் கெட்டுப்போனால் நீங்கள்தான் நீலகிரிக்கு வாய்தாவுக்கு ஏற வேண்டும். உங்கள் தொழிலில் வரும் தொகைகளுக்கு அவர் புகார்க் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை. அவருக்கு இரண்டு வருட அவகாசமும் உண்டு. ஹோட்டல்கள் வணிக நோக்கத்தில் சேவை பெறுவதால் பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டா. அவை சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியது ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு அல்ல, வீட்டு வாடிக்கையாளருக்கு.

உங்களைக் காப்பாற்றுவது பொத்தாம்பொதுவான மறுப்பு வரி அல்ல, குறிப்பான பதிவு. கார்பெட்டை எடுப்பதற்கு முன், அங்கேயே விரித்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்து, அந்தத் துணியையும் போட்டோ எடுங்கள். பட்டை பட்டையாக அடர்ந்த நிறங்கள் ஓடும் பவானி ஜமக்காளத்துக்கு இதைத் தவறாமல் செய்யுங்கள். ஒரு பட்டையின் சாயம் இன்னொன்றில் ஏறினால் மீட்க முடியாது. பிறகு எழுதுங்கள்: ‘கம்பளி, 6க்கு 9 அடி, வலது மூலையில் பழைய காபிக் கறை, முழுதும் போகாது, சிவப்பில் லேசாகச் சாயம் இறங்குகிறது, ஈரம் குறைவாக வைத்துச் சுத்தம் செய்யப்படும், உரிமையாளர் சொன்ன மதிப்பு இவ்வளவு.’ இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ என்று பதில் வந்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். சேதம் வந்தபின், கவனமாக இருந்ததற்கு நீங்கள் காட்டக்கூடிய சான்று இதுதான். 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யலாம். எனவே அழித்துவிடாமல் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். இத்தனை கேட்டால் வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார் என்பீர்கள். சிலர் போவார்கள். கறை இருந்ததையே ஒப்புக்கொள்ள மறுப்பவர் போகட்டும்; பின்னாளில் புகார் மனுவோடு வரக்கூடியவர் அவர்தான்.

கூலி தராதவரின் கார்பெட்டை நிறுத்தி வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்கும் நாள் வரும். உழைப்போ திறமையோ செலுத்திய பொருளைக் கூலி வரும்வரை வைத்திருக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்தக் கார்பெட்டுக்கான கூலிக்கு மட்டுமே அந்த உரிமை. போன மாதப் பாக்கிக்காக இந்த மாதக் கார்பெட்டைப் பிடித்து வைக்க முடியாது. வங்கி போன்ற சிலருக்கு மட்டுமே 171-ஆம் பிரிவு அந்தச் சலுகையைத் தருகிறது. (கட்சிக்காரரின் கேஸ் கட்டை ஃபீஸுக்காகப் பிடித்து வைக்க வழக்கறிஞர்களான எங்களுக்கே உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது.) வைத்திருக்கும் உரிமை விற்கும் உரிமையும் ஆகாது. ‘30 நாளில் எடுக்காவிட்டால் விற்கப்படும்’ என்று போர்டு மாட்டிவிட்டு விற்றீர்களானால், கூலியைக் கேட்ட நீங்கள் கார்பெட்டின் விலைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஷெட்டுக்கு இன்னும் இரண்டு செலவு உண்டு. வீட்டு மின் இணைப்பில் தொழில் மெஷின் ஓட்டினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். முதலிலேயே கட்டண வகையை மாற்றிக்கொள்ளுங்கள். ஷாம்பு நுரைத் தண்ணீரைச் சாக்கடையிலோ காலி மனையிலோ விடுவது 1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவோடு மோதும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். உங்கள் அளவு அதில் துளிகூட இல்லை என்பது உண்மை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் எழுதினால் போதும், அதிகாரி அளவு பார்க்க வரமாட்டார். அனுமதி இருக்கிறதா என்றுதான் கேட்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் உங்கள் தண்ணீர் அளவைச் சொல்லி, இசைவு தேவையா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனவே முதல் வருடம் வாடிக்கையாளர் இடத்திலேயே செய்யும் வேலையை மட்டும் எடுங்கள் என்பதே என் யோசனை. வருமானம் குறையும் என்ற மறுப்பு சரிதான். பெரிய கார்பெட்டில்தான் நல்ல கூலி. ஆனால் ஒரே ஒரு பட்டுக் கார்பெட் கெட்டால் போகும் பணம் அந்தக் கூடுதல் வருமானத்தை விழுங்கிவிடும். தனி ஆளாக நடத்தும் தொழிலில் உங்கள் சேமிப்பும் வீடும் தனியாக நிற்காது. ஷெட்டைத் திறக்கும்போது தீ, திருட்டுக் காப்பீடு எடுங்கள். உங்கள் மெஷினை மட்டும் சேர்த்து எடுக்கும் பாலிசி வாடிக்கையாளர் கார்பெட்டுக்கு ஈடு தராது. பிறர் உங்களிடம் ஒப்படைத்த பொருளும் அடங்கும் என்று பாலிசியில் எழுத்தில் சேர்த்து வாங்கிய பிறகே முதல் கார்பெட்டை வண்டியில் ஏற்றுங்கள்.