ஆத்துக்கு மேலே ஒரு வாய்க்கால்

பாலம்னா ஆளும் வண்டியும் போகத்தானே? நம்ம குமரி மாவட்டத்து மாத்தூரில் தண்ணீர் போகவே ஒரு பாலம் இருக்கிறது! கீழே பறளியாறு, அதற்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கும் தொட்டிக்குள் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீர். 1966-இல் கட்டியது.

எதுக்கு இவ்வளவு பாடு? வாய்க்கால் தண்ணீர் சரிவைப் பார்த்துத்தான் ஓடும். பள்ளத்தில் இறக்கிவிட்டால் எதிர்க் குன்றில் தானா ஏறாது. அதனால்தான் மட்டம் குறையாமல் குன்று விட்டுக் குன்று கடத்துகிறார்கள். விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்து வயல்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன. தொட்டியில் எறியும் பாட்டிலும் கவரும் கடைசி வயல் மடையில் போய் அடைக்கும், பாவம்!

தொட்டியை ஒட்டியே நடைபாதை உண்டு. தண்ணீர் விடும் மாதத்தில் போனால், ஒரு இலையை மட்டும் போட்டுப் பாருங்க. அது போகிற பக்கம்தான் சரிவு.