குடியை நிறுத்தியவருக்கு மாத்திரை: ஒன்றா, இரண்டா?

நம் ஜமாஅத்திலும் குடிநோய் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. குடித்ததற்காகப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்ன செய்தி புகாரீயில் உள்ளது. நிறுத்தியபின் மறுபடி குடித்தவரை வீட்டை விட்டுத் துரத்தும் முன் இதை நினைக்க வேண்டும்.

மருத்துவர்கள் வழக்கமாகத் தருபவை மூன்று. நால்ட்ரெக்சோன், மது தரும் இன்பத்தை மட்டுப்படுத்தும். அகாம்ப்ரோசேட், நிறுத்தியபின் வரும் தவிப்பைத் தணிக்கும். டைசல்ஃபிராம் வேறு வகை: அதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். அந்தப் பயமே காவல்.

இரண்டைச் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் 160 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது அகாம்ப்ரோசேட்டை மட்டும் கொடுத்ததைவிட மேலாக இருந்தது. நால்ட்ரெக்சோனை மட்டும் கொடுத்ததைவிட மேல் என்று நிறுவ முடியவில்லை. அமெரிக்காவில் 1,383 பேரிடம் நடந்த 2006 ஆய்விலும் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே ஒன்றோடு இன்னொன்றைச் சேர்ப்பது மருத்துவர் ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு. பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவதல்ல.

நமக்கு அருகிலுள்ள பாடம் மும்பை. அங்கே 100 ஆண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2004-இல் வெளியானது. டைசல்ஃபிராம் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் குடிக்காமலிருந்தார்கள். நால்ட்ரெக்சோன் எடுத்தவர்களில் 44 சதவீதம். மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்ளக் குடும்பம் இருந்தவர்களையே சேர்த்தார்கள் என்பதுதான் முக்கியம். டைசல்ஃபிராமை விழுங்காமல் துப்பிவிட்டால் காவல் போயிற்று. தினமும் காலையில் மனைவியோ தாயோ எதிரில் நின்று கொடுப்பது, என் கணக்கில், இரண்டாவது மாத்திரையைவிடப் பெரிது.

"அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடட்டுமா?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. கூடவே கூடாது. தெரியாமல் அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழியாமல் அதைத் தொடங்கக் கூடாது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். மது கலந்த இருமல் மருந்தும் ஆகாது. கல்லீரல், சிறுநீரகச் சோதனை பார்த்துத்தான் எந்த மாத்திரையும். நால்ட்ரெக்சோன் எடுப்பவர் டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ரமளான் பிறை பார்த்த அன்றே குடியை நிறுத்துகிறவர்கள் உண்டு. நல்ல நிய்யத்துதான். ஆனால் பல வருடம் தினமும் குடித்தவருக்குத் திடீர் நிறுத்தத்தில் வலிப்பு வரலாம். ஷஅபானிலேயே மருத்துவரைப் பாருங்கள். நால்ட்ரெக்சோன் நாளுக்கு ஒரு வேளை. மூன்று வேளை அகாம்ப்ரோசேட்டை நோன்பில் எப்படி எடுப்பது என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். நேரில் போகத் தயங்குகிறவர்கள் முதலில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் கூட வருகிறோம்.