கடைசி நாளில் ஒலிக்காத மணி

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நீங்கள் ஐவர் ஒரு குழு. தொட்டியில் நீர் நிரம்பியதும் மணி அடிக்கும் கருவியைச் செய்யப் போகிறீர்கள். மின்சுற்று ஒருவருக்கு, தொட்டி ஒருவருக்கு, விளக்க அட்டை ஒருவருக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டு கலைந்து விடுகிறீர்கள். கண்காட்சிக்கு முதல் நாள் மாலை எல்லாவற்றையும் ஒன்று சேர்த்தால், மணி அடிக்கவில்லை! தவறு எங்கே என்று தேட நேரமில்லை. நானும் மாணவப் பருவத்தில் இப்படி ஒலிக்காத மணியின் அருகே தலைகுனிந்து நின்றவன்தான்.

கணினி நிரல் எழுதுவோருக்கும் இதே தொல்லை இருந்தது. 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டில் 17 நிரல் வல்லுநர்கள் கூடிப் பேசி, 'அஜைல்' என்னும் அறிக்கையை உருவாக்கினர். சூழலுக்கேற்ப விரைந்து இயங்குவது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதன் 4 மதிப்புகள் இவை:

1. விதிமுறை, கருவிகளைவிட மனிதர்களும் அவர்கள் கலந்து பழகுவதும் மேல்.
2. விரிவான ஆவணத்தைவிட இயங்கும் நிரல் மேல்.
3. ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரின் ஒத்துழைப்பு மேல்.
4. திட்டத்தை அப்படியே பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது மேல்.

திட்டமும் ஆவணமும் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. எதற்கு முதலிடம் என்றுதான் சொன்னார்கள்.

இனி நம் மணிக்கு வருவோம். முதல் வாரம் தொட்டியே வேண்டாம். ஒரு குவளை, இரு செம்புக் கம்பிகள், ஒரு டிரான்சிஸ்டர், உரிய மின்தடைகள், 9 வோல்ட் மின்கலம், ஓர் எல்.இ.டி. விளக்கு போதும். (வீட்டு மின்சாரத்தை நீரருகே கொண்டு போகாதீர்கள்!) குழாய் நீரில் உப்புகள் கரைந்திருப்பதால், கம்பிகளை நீர் தொட்டதும் சிறிதளவு மின்னோட்டம் பாயும். டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி விளக்கை எரியவைக்கும். கருவி சிறியதுதான். ஆனால் இயங்குகிறது!

இரண்டாம் வாரம் மணியை இணைத்து, பள்ளியில் மோட்டார் போடுபவரிடம் காட்டுங்கள். "மோட்டார் சத்தத்தில் இந்த மணி கேட்காதே, தம்பி!" என்பார். சிவப்பு விளக்கையும் சேர்க்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாம் வாரம் கம்பிகளைப் பாருங்கள். நேர்முனையோடு இணைந்த கம்பி அரிக்கப்பட்டிருக்கும். காரணம், நீங்கள் படித்த மின்னாற்பகுப்புதான். இரு முனையும் சீவிய பென்சில்களை நீரில் வைத்துப் பாருங்கள். பென்சிலிலுள்ள கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். செம்பைப்போல் கரைந்து போகாது.

இந்தக் குறைகள் கண்காட்சி நாளில் தெரிந்திருந்தால் தோல்வி. முன்பே தெரிந்ததால் பாடம். அறிக்கையோடு சேர்ந்த 12 கொள்கைகளில் ஒன்று, குழு குறித்த இடைவெளிகளில் தன் வேலைமுறையைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்கிறது. வாரம் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பழி சுமத்த அல்ல, அடுத்த வாரம் எதை மாற்றலாம் என்று முடிவுசெய்ய.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் அடுத்த செயல்திட்டத்தில் முதல் வாரமே இயங்கக்கூடிய மிகச் சிறிய பகுதி எது? நண்பர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்!